கழகம் மாறுதல்

ஆனித் திங்களில் மேற்கு மலையினின்றும் சாரல் இறங்கியதும் குற்றாலத்திற் கூட்டம் பெருகும். அக்காலத்தே எங்கள் தென்காசித் தேநீர்க்கடைகளில் மற்றொரு பேச்சும் பெருகும். இன்ன கால்பந்தாட்டக்காரன் இன்ன கழகத்தை விட்டு இன்ன கழகம் புகுவானா என்பதே அப்பேச்சு. ‘பணம் இருக்கிறது, ஆளும் வர இசைகிறான், பின் ஏன் இரண்டு மாதம் இழுக்கிறது?’ என்று இளைஞர் வினவுவர். அவ்வினாவிற்கு யான் அறிந்த விடையை ஈண்டு அன்பர்க்கு உரைக்க விழைகின்றேன்.

முதற்கண் அறியத்தக்கது, விற்கப்படுவது ஆள் அன்று என்பதாம். ஆட்டக்காரனுக்கும் கழகத்திற்கும் இடையே உடன்படிக்கை ஒன்று உண்டு. புதிய கழகம் ஈயும் பெருந்தொகை, அதனை இடையில் முடித்துக்கொள்ளும் பழைய கழகம் பெறும் ஈடேயாம். உடன்படிக்கை முடிந்தபின் அவ்வீட்டைக் கேட்டல் தகாது என்று 1995-ஆம் ஆண்டு பொஸ்மான் என்னும் பெல்சிய ஆட்டக்காரர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே எஞ்சிய காலம் குறையுந்தோறும் விலையும் குறையும். வாங்குவோர் காத்திருப்பர், விற்போர் விட்டுக்கொடார்.

நிலம் விற்கும்போது விற்பவனும் வாங்குபவனும் இசைந்தாற் போதும். நிலம் வாய் திறப்பதில்லை. ஈண்டோ நிலமே வாய் திறந்து பேசுகின்றது! ஊதியம் எவ்வளவு, ஆண்டு எத்தனை, முகவருக்கு என்ன, தவணை எவ்வாறு, பின்னொரு நாள் மறுபடி விற்றால் பங்கு யாது என ஒவ்வொன்றும் தனித்தனியே முடிதல் வேண்டும். மருத்துவர் சோதனையும் உண்டு. நாடு விட்டு நாடு செல்பவன் எனின், அவனைப் பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயது வரை பயிற்றிய கழகங்களுக்கு ஈட்டில் நூற்றுக்கு ஐந்து பிரித்தளித்தல் வேண்டுமென்பது ஃபிஃபாவின் விதி. இவற்றோடு, மாற்றாள் கிடைக்கும்வரை பழைய கழகம் தன் ஆளை விடாது. சாரற்காலத்துக் குற்றால விடுதியில், முன்னவர் அறையைக் காலிசெய்தாலன்றிப் பின்னவர் புகவியலாமை போன்றதே இது.

இறுதியில் நிற்பது ஆவணம். 2015-இல் டி ஹேயா என்னும் காவலர் மாட்ரிட் செல்ல எல்லாரும் இசைந்திருந்தும், உரிய தாள்கள் நேரத்திற்குள் சேராமையால் மான்செஸ்டரிலேயே தங்கினார். நம் நாட்டில், டெல்லிக் கழகத்தினின்றும் இரவலாக மோகன் பகானுக்கு வந்திருந்த அன்வர் அலி, 2024-இல் அவ்வுடன்படிக்கையை முறித்து ஈஸ்ட் பெங்கால் புகுந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அகில இந்தியக் கால்பந்தாட்டச் சம்மேளனத்தின் குழு நான்கு மாதத் தடையும் 12.90 கோடி ரூபாய் ஈடும் விதித்தது. வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் ஏறவே, அவ்வாணை திரும்பப் பெறப்பட்டு மறுவிசாரணைக்குச் சென்றது.

கோடிகள் புரளாவிடத்தும் இத்துன்பம் உண்டு. என் தெருவினன் ஒருவன், வலப்புறத்து முன்னாட்டக்காரன், வேற்றூர்க் கழகமொன்றிற்கு மாற விரும்பினான். பழைய கழகத்தார் தரவேண்டிய தடையின்மைக் கடிதம் ‘நாளை, நாளை’ என்று நாள் கடந்து, பதிவு முடிந்த மறுவாரம் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு முழுதும் அவன் கோட்டிற்கு வெளியே நின்று பிறர் ஆடக் கண்டான். அவனுக்கு ஒருவரும் ஈடு கொடுத்திலர்.

தாமதம் முற்றும் தீதென்று யான் கூறேன். பயிற்றிய சிறு கழகத்தின் உரிமையையும் இளைஞனின் ஊதியத்தையும் காப்பது அதனுள் அடங்கிய ஆராய்ச்சியே. ஆயினும் கால்களின் வலிமை பத்துப் பதினைந்தாண்டுச் செல்வம். கடைநாள் என்பது கேட்பவனை மட்டும் கட்டி, கொடுப்பவனைக் கட்டாதிருப்பது முறையன்று. கடிதம் வைத்திருப்பவர்க்கும் ஒரு கடைநாள் விதித்தாலன்றி இவ்வாட்டத்தில் நடுவுநிலைமை நிலவாது.