காலடியிற் கணப்பு

குமரவேள் சினம் தணிந்து அமர்ந்தமையால் தணிகை என்று பெயர் பெற்ற குன்று எம் ஊர்க் குன்று. ஆயின், கதிரவன் சினம் மட்டும் இங்கே தணிந்தபாடில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் 40 டிகிரி செல்சியசைக் கடந்து காயும் ஊர் இது. ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்று சொல்லப்பெறும் 365 படிகளையும் காவடியோடு வெறுங்காலால் ஏறிவரும் அன்பர்களைக் கேட்டால், அடியில் நெருப்பு மூட்டாமலே தரை எவ்வாறு சுடும் என்பதை அவர்கள் விளக்குவார்கள். இத்தகைய ஊரில் இருந்துகொண்டு வீட்டுத் தளத்தைச் சூடேற்றும் முறையைப் பற்றி யாம் எழுதப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். எனினும், எம் அத்தாவின் பொருட்டு அதனை ஆராய வேண்டிய தேவை எமக்கு நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, புத்தொளிப் பயிற்சி ஒன்றில் காஷ்மீரப் பேராசிரியர் ஒருவர் எமக்கு நண்பரானார். தால் ஏரிக்கரையிலுள்ள ஹஸ்ரத்பால் பள்ளியில் ஒரு வேளையேனும் தொழ வேண்டும் என்பது அத்தாவின் நெடுநாள் ஆசை. கல்லூரி விடுமுறை கிடைத்ததோ பொங்கலை ஒட்டிய நாள்களில். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் நீளும் கடுங்குளிரை அங்கே 'சில்லாய் கலான்' என்பர். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 8 டிகிரியையும் கடந்து இறங்கியது என்றால், அக்குளிரின் தன்மையை ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் குளிரில் எழுபதைக் கடந்தவர் எப்படி ஒளுச் செய்வார் என்பதே எம் கவலையாக இருந்தது.

அக்கவலையை அந்த ஊர்ப் பள்ளிவாசல்களே தீர்த்து வைத்திருக்கின்றன. அங்கே தொழுகைக் கூடத்தை அடுத்து 'ஹம்மாம்' என்றோர் அறை உண்டு. ஹம்மாம் என்றால் குளியலறை என்றே அகராதி சொல்லும். காஷ்மீரத்திலோ அது குளிர்காலத்தில் மக்கள் கூடி அமரும் அறையும் ஆகும். அதன் அமைப்பு எளியது. தரையாக விரித்த கனத்த கற்பலகைகளைக் கீழே குட்டைத் தூண்கள் தாங்குகின்றன. தூண்களுக்கு இடையே வெற்றிடம். அறைக்கு வெளியிலிருந்து விறகு தள்ளுவதற்கு ஓர் அடுப்பு வாய். நெருப்புக்கு மேலே செம்புக் கொப்பரை பதிக்கப்பட்டிருக்கிறது. ஒளுவுக்கான வெந்நீர் அதிலிருந்து வருகிறது. அனலும் புகையும் கற்பலகைகளின் அடியிலே ஊர்ந்து, மறுகோடியிலுள்ள புகைபோக்கி வழியே வெளியேறுகின்றன. அறைக்குள் புகை நுழைவதில்லை. நெருப்பு அவிந்த பின்னரும் கல் பல நாழிகை சூட்டை வைத்திருக்கும். விறகுதான் மலைமலையாக வேண்டும். அதன் செலவைப் பற்றி அங்கே பெருமூச்சு விடாதவர் இலர். வசதியுள்ளோர் இப்போது வீடுகளிலும் ஹம்மாம் கட்டிக்கொள்கிறார்கள். விறகுக்கு மாறாக மின்கம்பி பதித்த தளங்களும் வந்துவிட்டன.

இது புதுமையன்று. உரோமர்கள் தம் குளியற்கூடங்களில் செங்கல் தூண்களின் மேல் தளம் அமைத்து அடியில் அனல் ஓட்டினர். இலாகூரில் 1635-இல் வஸீர் கான் எழுப்பிய ஷாஹி ஹம்மாமிலும் இத்தகைய அடித்தள அமைப்பு உண்டு. கொரிய மக்கள் 'ஒந்தோல்' என்ற பெயரில் இதனைத் தம் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டனர். உண்பதும் உறங்குவதும் அந்தச் சூடான தரையின்மேல்தான். நம்முடைய தமிழ்நிலத்துக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. கூதிர்க்காலத்தைப் பாட வந்த நக்கீரர், நெடுநல்வாடையில், பயனின்றித் தொங்கவிடப்பட்ட விசிறிகளையும், 'தடவு' என்னும் கணப்புச் சட்டியில் குளிர்காய்வோரையும் காட்டுகிறார். அம்மட்டோடு நம் குளிர் முடிந்துவிடுகிறது. வகுப்பில் அப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பதை யாம் கண்டிருக்கிறோம்!

அடுப்பை ஒட்டிய பகுதியே ஹம்மாமில் மிகுந்த சூடுடையது. கொரியாவிலும் அத்தகைய இடத்தையே முதியோருக்கும் விருந்தினருக்கும் ஒதுக்குவர். அத்தாவை அங்கிருந்தோர் எழுந்து வரவேற்று அந்த இடத்திலேயே அமர்த்தினர். அவருக்குத் தெரிந்த ஆற்காட்டு உருதுவும் அவர்களுடைய உருதுவும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. பேச்சு நீண்டது. பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் சற்றைக்கொருமுறை காலை மாற்றி வைத்தனர். சிலர் விரிப்பைக் காலுக்கடியில் இழுத்துக்கொண்டனர். அத்தா மட்டும் அசையாது அமர்ந்திருந்தார். எம் நண்பர் அதைக் கவனித்துவிட்டார். கல்லின்மேல் தம் உள்ளங்கையை வைத்தவர் சட்டென்று எடுத்தார். பிறகு, ஒன்றும் சொல்லாமல், அத்தாவின் பாதத்தைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கால் சிவந்திருந்தது.

"ஏன் தம்பி, சூடாவா இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் அத்தா எம்மைப் பார்த்து.

அறையில் பேச்சு நின்றுவிட்டது. எழுபது வயதுக் கிழவர் ஒருவர் எழுந்து சென்று தடித்த கம்பளி நம்தா ஒன்றைக் கொண்டுவந்து, அடுப்புக்கு எட்டிய மூலையில் விரித்து, அத்தாவைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். நல்வேளையாகக் கொப்புளம் எழவில்லை. இஷாத் தொழுகைக்குள் சிவப்பும் வடிந்தது. மறுநாள் ஹஸ்ரத்பாலில் அத்தா ஆசை தீரத் தொழுதார். எமக்குத்தான் அன்றிரவு உறக்கமில்லை.

ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் காட்டினோம். அவர் நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலைப் பல இடங்களில் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டார். பாதி இடங்களில் அத்தா விடை சொல்லவில்லை. பதினெட்டு ஆண்டுச் சர்க்கரை நோய் நரம்புகளைத் தின்றுவிட்டிருந்தது. வெந்நீர் ஒத்தடம் கூடாது, வெறுங்கால் நடை கூடாது, நாள்தோறும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று விதித்தார்.

இத்தனைக்கும் பிறகு அத்தா கேட்டதுதான் வியப்பு. இரவில் கால்கள் பனிக்கட்டிபோல் குளிர்கின்றன, அந்தக் காஷ்மீரத் தரையைப் போல ஒன்று தம் அறையில் போட முடியுமா என்றார். பெற்றவர் கேட்டதை உடனே தள்ள மனம் வரவில்லை. கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கலந்தோம். தரை ஓடுகளைப் பெயர்த்து, சூடு மண்ணுக்குள் இறங்காதபடி காப்புப் பலகை பரப்பி, அதன்மேல் மின்கம்பி வலை விரித்து, மீண்டும் ஓடு பதிக்க வேண்டும்; சூட்டை அளந்து தானே மின்னோட்டத்தை நிறுத்தும் கருவியும் வேண்டும் என்றார் அவர். சதுர மீட்டருக்கு 100 முதல் 150 வாட் வரை தேவை. பத்தடிக்குப் பத்தடி அறை ஏறக்குறைய 9.3 சதுர மீட்டர். இரவில் ஐந்து மணி நேரம் ஓடினால் ஐந்து முதல் ஏழு யூனிட் ஆகும். ஐரோப்பிய நெறிமுறை, மக்கள் புழங்கும் அறைத் தளத்தின் சூடு 29 டிகிரியைத் தாண்டலாகாது என்கிறது. கோடையில் எம் வீட்டுத் தரை செலவின்றியே அதனைத் தாண்டிவிடும் என்றதும் பொறியாளர் சிரித்துவிட்டார்.

செலவை எப்படியேனும் தாங்கியிருப்போம். மருத்துவர் சொன்ன சொல்லே முடிவு செய்தது. அந்தக் குளிர் தரையில் இல்லை, நரம்பில் இருக்கிறது. தொட்டால் கால் வெதுவெதுப்பாகவே இருக்கும், அவருக்கு மட்டும் சில்லென்று தோன்றும் என்றார். சூடு உணராத காலுக்கு அடியில் இரவு முழுதும் சூடு வைப்பது எத்தகைய செயல் என்பதை அவர் விரித்துரைக்க வேண்டியிருக்கவில்லை. மார்கழி விடியலில் ஓட்டுத் தரை சில்லிடுவது மெய்யே. ஆனால் அதே அறையில் கிடக்கும் பாயும் அதே வெப்பநிலையில்தான் இருக்கிறது. ஓடு காலின் சூட்டை விரைந்து இழுக்கிறது, பாய் இழுப்பதில்லை. ஆகவே கோரைப்பாய் விரித்து, ஸ்ரீநகரில் அந்தப் பெரியவர் விடைபெறும்போது வற்புறுத்திக் கொடுத்த நம்தாவை அதன்மேல் போட்டிருக்கிறோம். நரம்புக்கான மாத்திரை தனியே நடக்கிறது.

மஃரிபுக்குப் பின் அத்தா அதில் அமர்ந்து காலை நீட்டுவார். கைவிளக்கைப் பிடித்து, விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று ஒவ்வோரிடமாகப் பார்ப்போம். முதல் சில நாள் அவருக்குக் கூச்சம். மகன் கையில் காலைக் கொடுப்பதா என்று இழுத்துக்கொள்வார். இப்போது யாம் கல்லூரியிலிருந்து வரத் தாழ்ந்தால், விளக்கை அவரே எடுத்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.