தலைப்பாகையா, சும்மாடா?

கோரிமேட்டுச் சாலைகளில் தலையில் அணிவன இரண்டு நம் கண்ணில் படும். ஒன்று, பிரெஞ்சியர் ஆட்சியின் எச்சமாகப் புதுவைக் காவலர் அணியும் செந்நிறத் தொப்பி. மற்றது, கட்டட வேலையில் கல்லும் மணலும் சுமக்கும் பெண்கள் துணியைச் சுருட்டி வைக்கும் சும்மாடு. முன்னது அதிகாரத்தை அறிவிக்கிறது. பின்னது சுமையைத் தாங்குகிறது. ஆரோனின் தலைப்பாகை இவற்றுள் எதன் இனம்?

விடுதலைப் பயண நூலின் 28ஆம் அதிகாரத்தை மேலோட்டமாகப் படிப்போர் முன்னதையே சொல்வர். மெல்லிய நார்ப்பட்டாலான தலைப்பாகை. அதன் முன்புறம் நீல நாடாவால் கட்டிய பசும்பொன் பட்டம். அதில் ஆண்டவருக்கே உரிய தூய்மையைப் பறைசாற்றும் பொறிப்பு. மாட்சிக்கு வேறென்ன வேண்டும்?

ஆயினும், 38ஆம் வசனம் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. இஸ்ரயேல் மக்கள் படைக்கும் காணிக்கைகளில் நேரும் குற்றத்தை ஆரோன் சுமக்கும்பொருட்டே அப்பட்டம் அவர் நெற்றியில் இருக்க வேண்டுமாம். அங்கு வரும் 'நாசா' என்னும் எபிரேய வினை, பாரம் தூக்குவதையும் குறிக்கும். தலைப்பாகையின் பெயரான 'மிட்ஸ்னெஃபெத்' என்பதோ சுற்றுதல் என்னும் வேரில் பிறந்தது. அதன் நீளம் 16 முழம் என்கிறார் 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிதஸ். சுற்றிய துணி, அதன்மேல் பிறர் சுமை: இது சும்மாடன்றி வேறென்ன?

பாவக் கழுவாய் நாளில் தலைமைக்குரு வெறும் நார்ப்பட்டுத் தலைப்பாகையோடு திருத்தூயகத்தினுள் நுழைய வேண்டும் என லேவியர் நூல் 16ஆம் அதிகாரம் விதிக்கிறது. பொன் வெளியே நின்றது. துணி உள்ளே சென்றது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் அவ்வழிபாடே நின்றுபோயிற்று. நம் ஆயர்கள் அணியும் மைட்டர் அதன் நேர்வழித் தொடர்ச்சியன்று. 11ஆம் நூற்றாண்டளவில் உரோமையிலிருந்து பரவியது. அதையும் நற்கருணை மன்றாட்டின்போது ஆயர் கழற்றிவிடுகிறார். முள்முடி தாங்கியவர் முன் வேறெந்த முடிக்கும் அங்கே இடமில்லை.

திருமுழுக்கில் நம் ஒவ்வொருவர் உச்சியிலும் கிறிஸ்மா தைலம் பூசப்பட்டது. கிறிஸ்துவின் குருத்துவத்தில் பொதுநிலையினருக்கும் பங்குண்டு என்பதே அதன் பொருள். அப்படியாயின் சுமையிலும் பங்குண்டு. ஒரு வீட்டில் மகன் தடுமாறினால், ஒரு பங்கில் பிளவு நேர்ந்தால், அதைத் தெருவெங்கும் பேசித் திரிவது எளிது. அக்குற்றத்தை நம்முடையதாகவே ஏற்று ஆண்டவர் முன் சுமந்து நிற்பது அரிது. ஆரோனின் நெற்றிப் பட்டம் அந்த அரிய பணிக்கே நம்மை அழைக்கின்றது. இன்று நம் தலைமீது யாருடைய சுமை இருக்கின்றது?