பிப்ரவரியில் ஒரு குயில்

டில்லிக்கு நான் வந்த முதல் பிப்ரவரி. விடுதியின் மூத்த மாணவர் ஒருவர், "தம்பி, நாளைக் காலை பறவை எண்ண வருகிறாயா?" என்றார். குளிருக்கு அஞ்சுபவன் நான். சூடான தேநீர் உண்டு என்றதும் இசைந்தேன்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்பு அது. அமெரிக்காவில் 1998-இல் தோன்றியது. 2013 முதல் இந்தியரும் பங்கு கொள்கின்றனர். விதி எளிது. 15 நிமிடமாவது நோக்கி, கண்ட பறவை அனைத்தையும் எழுதவேண்டும். காக்கையையும் மைனாவையுமா எழுதுவது என்று நான் சிரித்தேன். "சோம்பலால் நீ விட்டாலும், அங்கே காக்கை இல்லை என்றுதானே ஏடு சொல்லும்?" என்றார் அண்ணன்.

உண்மைதான். பலரும் அப்படிச் சலிக்காமல் எழுதி வைத்ததால்தான், சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதும் அழிந்துவிடவில்லை என்று 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சொல்ல முடிந்தது. 2023-இன் அறிக்கைக்கு 30,000 பேருக்கு மேல் குறிப்புத் தந்திருக்கின்றனர்.

என் பட்டியலில் பன்னிரண்டு பறவைகள் சேர்ந்தன. அப்போது வேம்பிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாய், நீண்ட வாலுடன் ஒன்று பறந்தது. சுடலைக்குயில் என்று எழுதினேன். எங்கள் ஊரில் பார்த்த பறவை. உள்ளே ஓர் ஐயம் எழாமல் இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் விடையைத் தெரிந்துகொண்டு அளவுகளை எழுதிப் பழகிய கை அல்லவா!

சில நாளில் மின்னஞ்சல் வந்தது. குறிப்புகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் எழுதியிருந்தார். தெற்கே ஆண்டு முழுதும் தங்கும் இப்பறவை, டில்லிக்கு மழையை ஒட்டியே ஆப்பிரிக்காவிலிருந்து வரும். தலையில் கொண்டை கண்டீர்களா என்று கேட்டிருந்தார். ஏளனம் ஒரு சொல்லிலும் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. ஆம் என்று எழுதினால் நம்பிவிடுவாரோ என்று இரண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு குயிலை அடித்துவிட்டு, "அடையாளம் தெரியாத பறவை, ஒன்று" என்று திருத்தினேன். குண்டுக்கரிச்சானாக இருந்திருக்கலாம்.

ஜூன் கடைசியில், முதல் மழைக்கு முந்திய மாலை, அதே வேம்பில் ஒரு குரல் கேட்டது. கறுப்புக் கொண்டை, வெள்ளை வயிறு, எல்லாம் தெளிவாய்த் தெரிந்தன. அன்றே எழுதி அனுப்பினேன். எவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவராவது கேட்கமாட்டாரா என்று எனக்குத்தான் ஏக்கமாயிருந்தது.