குறிஞ்சி தேடிப் போன தேனிலவு

சென்ற வாரம் எங்கள் துறையின் இளைய விரிவுரையாளர் ஒருவர், பாண்டி பஜாரில் திருமணப் புடவைகள் எடுத்துவிட்டு வந்த களைப்போடு என் மேசைமேல் ஒரு தாளை விரித்தார். ஐந்து நாள் தேனிலவுப் பயணத்தின் திட்டம் அது. மணிவாரியாகக் கட்டம் போட்டிருந்தார். “ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள், ஐயா” என்றார்.

“பெண்ணிடம் கேட்டீர்களா?”

“சர்ப்ரைஸ், ஐயா!”

அவரைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கில்லை. இதே போன்றதொரு தாளை நானும் ஒரு காலத்தில் தயாரித்தவன்தான்.

எனக்குத் திருமணமானது 2006 ஆவணியில். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியை ஒட்டிய சந்தொன்றில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், ஏழு பேர். மனைவி தி.நகர்க்காரி. நிச்சயதார்த்தத்துக்கும் திருமணத்துக்கும் இடைப்பட்ட இரண்டு மாதங்களில் நாங்கள் தொலைபேசியில் பேசியதெல்லாம் புடவையின் நிறம் பற்றியும் பத்திரிகைகளின் எண்ணிக்கை பற்றியும்தான்.

தேனிலவு நம் மரபில் இல்லாத ஒன்று. சொல்லே ஆங்கிலத்தின் நேர் மொழிபெயர்ப்பு. அகப்பாடல்களில் காதலர் வீட்டைவிட்டுப் போவதெல்லாம் திருமணத்துக்கு முன்புதான். அதற்கு உடன்போக்கு என்று பெயர். மணம் முடிந்தபின் நமக்கு வாய்த்தவை மறுவீடும் விருந்தும். 1961-இல் ஸ்ரீதர் ‘தேன் நிலவு’ படத்தைக் காஷ்மீரில் எடுத்து நடுத்தர வர்க்கத்துக்கு அந்த ஆசையை ஊட்டினார். காஷ்மீருக்கு வசதியில்லாதவர்களுக்கு ஊட்டியும் கொடைக்கானலும் இருந்தன.

நான் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டு 2006. குறிஞ்சித் திணையின் உரிப்பொருள் புணர்தல் என்று வகுப்புதோறும் சொல்லிக்கொண்டிருந்த நான் அந்தப் பூவைக் கண்ணால் கண்டதில்லை. புது மனைவியோடு குறிஞ்சி நிலத்தில் குறிஞ்சிப் பூவைப் பார்ப்பது! இதைவிடப் பொருத்தமான தேனிலவு ஒரு தமிழாசிரியனுக்கு அமையுமா? நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மூன்று நாளுக்குப் பதினோரு இடங்களை எழுதினேன். தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, குறிஞ்சி ஆண்டவர் கோயில், பேரிஜம் ஏரி என்று அந்தப் பட்டியல் நீண்டது. இரண்டாம் நாள் விடியற்காலையில் ஜீப்பில் குறிஞ்சிச் சரிவு.

திருமணம் முடிந்த நான்கு நாளும் விருந்து. மதியம் அடையாற்றில் அத்தை வீடு, இரவு தி.நகரில் அவளுடைய பெரியப்பா வீடு. ஐந்தாம் நாள் இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ். விடியலில் கொடை ரோட்டில் இறங்கிப் பேருந்து பிடித்தோம். வத்தலக்குண்டு வந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமையர் பிறந்த ஊர், ‘எழுத்து’ செல்லப்பாவின் ஊர் என்று விரிவுரையைத் தொடங்கினேன். அவள் தலையாட்டிக்கொண்டே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தாள். மலை ஏறத் தொடங்கி நான்காவது வளைவில் அதன் காரணம் புரிந்தது. அறைக்குப் போய்ச் சேரும்வரை அவள் பேசவேயில்லை.

மறுநாள் ஐந்தரை மணிக்கு ஜீப் வந்து நின்றது. எழுப்பினேன். “ஏங்க, இன்னிக்கு நான் தூங்கிக்கிறேனே” என்றாள். “இதற்கு மயிலாப்பூரிலேயே இருந்திருக்கலாம்” என்றேன். மணமாகி ஒரு வாரத்தில் நான் சொன்ன அந்தச் சொல்லை அவள் இன்றுவரை மறக்கவில்லை; நானும்தான். ஜீப்பைத் திருப்பியனுப்பிவிட்டுத் தாழ்வாரத்தில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடுபனி வந்து எதிர்மலையை மறைத்தது.

அவள் எழுந்தபோது மணி பன்னிரண்டு. தாழ்வாரத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். பிறந்த வீட்டில் படுக்கையாகிவிட்ட பாட்டியோடு ஒரே அறை. இரவில் இரண்டு மூன்று முறையாவது எழுந்து கவனிக்க வேண்டும். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் யாரும் எழுப்பாமல் தூங்கியிருக்கிறாள். மலைப்பாதை அவளுக்குச் சிறு வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது. “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பதினோரு இடங்களும் கிடக்கட்டும் என்று அன்று மாலைவரை பேசிக்கொண்டிருந்தோம். இருட்டும் நேரத்தில்தான் அது வெளிவந்தது. தீபாவளிக்குப் பின் வேலையை விட்டுவிட வேண்டியிருக்கும் என்று என் அம்மா அவளிடம் ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். எனக்கும் அதில் சம்மதமோ என்று திருமண மேடையிலேயே அஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அது தெரியவே தெரியாது. ஏழு பேர் இருக்கும் வீட்டில் அந்தக் கேள்வியை அவள் எந்த மூலையில் நின்று கேட்டிருக்க முடியும்? ‘வேலையை விட வேண்டாம், அம்மாவிடம் நான் பேசுகிறேன்’ என்றேன். ஊருக்குத் திரும்பியதும் பேசினேன். சில வாரங்கள் வீட்டில் முகங்கள் சரியில்லை. அவள் இன்றும் வேலைக்குப் போகிறாள்.

அந்த முறை குறிஞ்சியைப் பார்க்கவில்லை. திரும்பிய பிறகு வாரம் இரண்டு மாலை 29சி பேருந்தேறி பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் மணலில் உட்காரும் வழக்கம் ஏற்பட்டது. தேனிலவில் மிச்சமிருந்தது அங்கேதான் நடந்தது என்று சொல்ல வேண்டும்.

2018-இல் குறிஞ்சி மறுபடி பூத்தபோது திட்டத்தை அவளிடம் விட்டேன். மூன்று நாள், ஒரே விடுதி. வத்தலக்குண்டிலிருந்து தனி வண்டி, வழியில் நான்கு இடங்களில் நிறுத்தம். மூன்றாம் நாள், பத்து வயது மகளோடு நிதானமாகப் போய்ப் பார்த்தோம். அருகில் பார்த்தால் மிகச் சிறிய பூ. சரிவு முழுதும் சேர்ந்து பூத்தால்தான் அந்த நீலம்.

இளையவரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. திருமணத்துக்கும் பயணத்துக்கும் நடுவே இரண்டு நாளாவது ஓய்வுக்கு விடுங்கள், ஊர் ஒன்று போதும், பிற்பகல்களைக் காலியாக வையுங்கள் என்றேன். 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்திருப்பதை நினைவூட்டினேன். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள் என்றேன்.

மறுநாள் வந்தார். “அவங்களுக்குக் கடல்தான் பிடிக்குமாம், ஐயா. தரங்கம்பாடி போகலாம் என்கிறாங்க.” தாளில் இப்போது இரண்டே வரிகள் இருந்தன. தரங்கம்பாடி என்றதும் சீகன்பால்குவின் அச்சுக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு அடக்கிக்கொண்டேன்.