மருந்தின் சூடும் கையின் நிதானமும்

"குத்தினதுகூடத் தெரியல டாக்டர், மருந்து உள்ளே போகும்போதுதான் எரிஞ்சுது." கீழ்க்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்களில் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். புது ஊசியின் வலி ஒரு நொடி. மீதி வலி மருந்தினுடையது.

நம் ஊர்ப் பல் கிளினிக்குகளில் அன்றாடம் புழங்குவது அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து. அட்ரினலின் கெடாமலிருக்க அந்தக் கரைசலை அமிலத்தன்மையோடு தயாரிக்கிறார்கள். வெப்பமும் வெளிச்சமும் அதற்கு ஆகாது. அதனால் கோடையில் வயலுக்கு (மருந்துக் குப்பிக்கு) ஃப்ரிட்ஜ்தான் இடம். எடுத்த கையோடு சிரிஞ்சில் ஏற்றிப் போட்டால், அமிலத்தின் எரிச்சலோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது.

குளிருக்கு இன்னொரு குணமும் உண்டு. லிக்னோகெய்ன் மூலக்கூறுகளில் மின்னேற்றம் இல்லாதவைதான் நரம்பின் கொழுப்புச் சவ்வைத் தாண்டும். கரைசல் சூடேற ஏற அவற்றின் பங்கு கூடும், குளிர்ந்தால் குறையும். முதுகுத்தண்டருகே போடும் எபிடூரல் ஊசியில், 37 டிகிரிக்குச் சூடாக்கிய பியூபிவக்கெய்ன் என்ற மரப்பு மருந்து சீக்கிரம் பிடிப்பதற்கு இதைக் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் தாடையில் நாங்கள் போடுவது 2 மில்லி சொச்சம். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அது தானாகவே உடற்சூட்டுக்கு வந்துவிடும். "உதடு தடிச்ச மாதிரி இருக்கு" என்று நோயாளி சொல்லும் நேரம் மருந்தைச் சூடாக்குவதால் பெரிதாக முந்திவிடாது. எரிச்சல் குறைவதுதான் லாபம்.

அன்றைக்கு வேண்டிய வயலை முன்கூட்டியே எடுத்து, வெயில் படாத மேஜையில் வைத்துவிடுவேன். மருந்து ஏற்றிய சிரிஞ்சைச் சற்று உள்ளங்கையில் பிடித்திருப்பேன். வெந்நீரில் போடுவது கிடையாது. மிதமிஞ்சிய சூட்டில் அட்ரினலின் வீரியம் இழக்கும். கொதித்த மருந்து திசுவையும் எரிக்கும்.

மற்றதெல்லாம் கை வேலை. ஊசிமுனை எலும்பைத் தொட்டதும் ஒரு மில்லிமீட்டர் பின்னுக்கு எடுத்து, ரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்து, நிமிடத்துக்கு 1 மில்லி என்ற கணக்கில் அழுத்துவேன். வேகம் கொஞ்சம் கூடினாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிய விரல்கள் வெளுக்கும், தோள் ஏறும். உடனே அழுத்துவதை நிறுத்திவிடுவேன். திசுவை விரித்துக்கொண்டு பாயும் மருந்து எந்தச் சூட்டில் இருந்தாலும் வலிக்கும்.

வெளியே கூட்டம் காத்திருக்கும் மாலையில், மருந்துதான் வெதுவெதுப்பாக இருக்கிறதே, சட்டென்று போட்டுவிடலாம் என்று இளம் டாக்டர்களுக்குத் தோன்றும். அந்த இரண்டு நிமிடத்தைச் சூடு மிச்சப்படுத்தித் தராது. நிதானமாகப் போடுகிறவருக்கு அது துணை. அவசரக்காரருக்கு எதுவும் துணையில்லை.