மாதக் கணக்கில் தெரியாத மாதங்கள்

2025 மே மாதத்தில் இருந்து மத்திய அரசு நாட்டின் வேலையின்மை விகிதத்தை மாதாமாதம் சொல்கிறது. முதலில் வந்த ஏப்ரல் கணக்கு 5.1 சதவீதம். நல்ல முயற்சிதான். ஆனால் கணக்கெடுப்புக்கு முந்தைய ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர்!

எங்கள் தூத்துக்குடியில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுக்குப் பெயின்ட் அடித்தும் வலையைச் சீர்செய்தும் கிடைக்கிற கூலியில்தான் பல வீடுகளில் அடுப்பு எரியும். கணக்கில் அவர்களும் வேலையில் இருப்பவர்களே. ஐப்பசி மழை இறங்கினால் உப்பளப் பாத்திகள் மூழ்கிவிடும். அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் போதாமல் காதுக் கம்மல் அடகுக்குப் போகும்.

மாவட்டவாரியாக மாதக் கணக்கு வேண்டும். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்றும் கேளுங்கள். அப்போதுதான் நிவாரணத்தை நியாயமாக நிர்ணயிக்க முடியும்.