அடகுக் கடைக் கணக்குக்குப் பூட்டு

திருச்சி

அன்புத் தம்பி சேகருக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல், மாமா அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

"பாஸ்வேர்டு போட்டாச்சுக்கா, இனி பயமில்லை" என்று போனில் சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன் கடைக் கணக்கு அக்சஸ் 2003 காலத்து எம்டிபி ஃபைல். அதற்குப் பாஸ்வேர்டு போட்டால், திறக்கும்போது ஒரு சின்னக் கட்டம் வந்து கேட்கும். அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பெயர், விலாசம், நகை எடை எதையும் அது உருமாற்றி வைப்பதில்லை. பாஸ்வேர்டும் அதே ஃபைலின் தொடக்கத்தில், எளிதில் பிரித்துவிடக்கூடிய முறையில்தான் கிடக்கிறது. பிரித்துக் காட்டும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வாசலில் திண்டுக்கல் பூட்டு தொங்குகிறது, கொல்லைப்புறத்தில் சுவரே இல்லை.

2007-இல் வந்த ஏசிசிடிபி வடிவத்தில்தான் பாஸ்வேர்டு போட்டால் ஃபைல் முழுவதும் குறியாக்கம் ஆகிறது. அதற்கு மாறிவிடு. முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள். பழைய ஃபைலைத் திறந்து, 'சேவ் ஆஸ்' போய் ஏசிசிடிபியாகச் சேமி. பிறகு அக்சஸை மூடி, புதியதை 'ஓப்பன்' பட்டனின் அம்புக்குறியில் இருக்கும் 'ஓப்பன் எக்ஸ்க்ளூசிவ்' வழியாகத் திற. சாதாரணமாகத் திறந்தால் பாஸ்வேர்டு போட விடாது. ஃபைல் மெனுவில் 'இன்ஃபோ', அதில் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு'. வரிசைப் பூட்டு செயல்படாது என்று ஒரு எச்சரிக்கை வரும், பதறாமல் ஓகே கொடு. எல்லாம் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு பழைய எம்டிபியை அழி. ரீசைக்கிள் பின், உன் சட்டைப்பையில் சுற்றும் பென் டிரைவ், மேசை டிராயரில் கிடக்கும் சிடி எல்லாவற்றிலும் தேடு. வாடிக்கையாளர் விவரம் வெளியே போவது பெரும்பாலும் இந்த மாதிரி மறந்துபோன நகல்கள் வழியாகத்தான் என்பது என் எண்ணம்.

கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் ஃபார்ம்கள் தனி ஃபைலாகவும், டேபிள்கள் உன் கம்ப்யூட்டரிலும் இருக்கின்றன இல்லையா? அப்படி இணைக்கும்போது, டேபிள் ஃபைலின் பாஸ்வேர்டை அக்சஸ் ஃபார்ம் ஃபைலுக்குள்ளேயே, மறைந்திருக்கும் எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸ் என்ற டேபிளில், வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. விவரம் தெரிந்தவர் எடுத்துப் படித்துவிடலாம். ஆகையால் ஃபார்ம் ஃபைலுக்கும் தனிப் பாஸ்வேர்டு போடு. விண்டோஸில் அவருக்குத் தனிக் கணக்கு கொடுத்து, அந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்பதையும் கட்டுப்படுத்து. டேபிளை மறைத்து வைப்பது, தொடக்க ஃபார்ம் வைத்து மெனுவை எடுத்துவிடுவது எல்லாம் கண்துடைப்பு. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே திறந்தால் அந்தத் தொடக்க ஏற்பாட்டைத் தாண்டிவிடலாம்.

பெயரும் பிறந்த வருஷமும் சேர்த்த பாஸ்வேர்டு வேண்டவே வேண்டாம், நீளமாக வை. மறந்துபோனால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது. காகிதத்தில் எழுதி, நகை லாக்கரிலேயே வை.

இன்னொன்று. ஆதார் ஸ்கேன்களை எதற்கு டேபிளுக்குள் ஒட்டி வைத்திருக்கிறாய்? அக்சஸ் ஃபைல் 2 ஜிபிக்கு மேல் வளராது. அவசியமில்லாததை எடுத்துவிட்டு, 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' ஓட்டு. அதுவரை அழித்த விவரமும் ஃபைலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஞாயிறு கடை அடைத்த பிறகு கூப்பிடு, கூடவே இருந்து செய்யலாம். நகல் எடுக்காமல் எதையும் தொடாதே.

அன்புடன்,
அக்கா